பதினேழாம் பக்கத்து ஆமை

உளுந்தை அரைக்கப் போட்டு பத்து நிமிஷம்தான் ஆகிறது, அதற்குள் மூன்று தடவை மூடியைத் திறந்து பார்த்துவிட்டேன், உளுந்தைப் பார்க்கவா திறந்தேன், கையைச் சும்மா வைத்திருக்க முடியாமல் திறந்தேன். நீ உன் அறையில் இருக்கிறாய். கதவைச் சாத்தவில்லை, ஒரு சாண் திறந்தே வைத்திருக்கிறாய், அதற்கு என்ன அர்த்தம் என்று யோசித்து யோசித்து ஒரு முடிவுக்கும் வரவில்லை, காற்றுக்காகவும் இருக்கலாம், சித்திரை வெயில், கோயம்புத்தூர் குளுகுளு ஊர் என்று சொன்னதெல்லாம் பழைய கதை. உன் மடியில் இருபத்துநான்கு பக்கம். நான் எழுதியது. கதையில் வருகிற பிள்ளையின் பெயர் மிட்டு, மிட்டு பெண்ணும் இல்லை பையனும் இல்லை, மிட்டு யார் என்று உனக்கும் தெரியும் எனக்கும் தெரியும். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும், "படிச்சுப் பாரு சாமி, வேண்டாம்னா வேண்டாம்" என்று கையில் கொடுத்துவிட்டு, பதிலுக்குக்கூட நிற்காமல் சமையலறைக்கு ஓடிவந்து கிரைண்டரைப் போட்டவள் நான். முப்பது வருஷமாகக் குழந்தைகளுக்குக் கதை எழுதுகிறேன், நூறு பிள்ளைகளைத் தரையில் உட்காரவைத்து வாசித்துக் காட்டியிருக்கிறேன், நடுவில் ஒருவன் எழுந்து ஒண்ணுக்குப் போனாலும் கலங்கினதில்லை. இப்போது என் வயிற்றில் பிறந்த ஒரு ஆள் படிப்பதற்குக் கிரைண்டருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு நிற்கிறேன். கிரைண்டர் ஓடினால் வேறு எதுவும் காதில் விழாது. பக்கம் திருப்புகிற சத்தம் விழாது, நீ பெருமூச்சு விட்டாலும் விழாது. அதற்காகத்தான் போட்டேன், மாவு ஒரு சாக்கு. உனக்கு இன்றைக்கு ராத்திரி ஒன்பதரைக்கு பெங்களூர் பஸ், இந்த மாவு புளிப்பது நாளைக் காலையில், அப்போது இதைச் சாப்பிட நீ இருக்கவே மாட்டாய். அது தெரிந்தும் நாலு டம்ளர் அரிசியும் ஊறப்போட்டிருக்கிறேன்.

பர்வீன் நாளைக்குக் கேட்பாள். பர்வீன் என்றால் பதிப்பகத்தில் என் புத்தகங்களைப் பார்க்கிற எடிட்டர், சென்னையில் இருக்கிறாள், உன்னைவிடப் பத்து வயசு மூத்தவள், கறார். "கதை நல்லாருக்கு மேடம், படம் வரையவும் ஆள் இருக்கு, ஆனா உங்க பிள்ளை சரின்னு சொல்லாம நான் அச்சுக்கு அனுப்ப மாட்டேன்" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. என் பிள்ளை, என் கதை, நடுவில் நீ யாரம்மா என்று வாய்வரைக்கும் வந்துவிட்டது. போனை வைத்த பிறகுதான் உறைத்தது, அவள் கேட்டது நான் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் கேட்டிருக்கவேண்டிய கேள்வி. கொஞ்சம் தண்ணீர் தெளிக்கிறேன். மாவு ஓரத்தில் ஒட்டுகிறது, வழித்து உள்ளே தள்ளுகிறேன். ஊருக்குப் பயப்படவில்லை என்று சொன்னால் பொய். ஆண்டுவிழாவுக்கு என் புத்தகத்தைப் பரிசாகக் கொடுக்கிற தலைமையாசிரியர்கள், எட்டு வயசுப் பிள்ளைக்கு இதெல்லாம் எதுக்குங்க என்பார்கள். உங்கப்பா இன்றைக்குக் காரமடையில் ஒரு காதுகுத்துக்குப் போயிருக்கிறார், பந்தியில் பக்கத்து இலைக்காரர், உங்க ஊட்டுல எப்பங்க விசேஷம் என்று கேட்பார், இவர், ஆகட்டுங்க ஆகட்டுங்க என்று ரசத்தைக் குடித்துக்கொண்டிருப்பார். அவரிடமும் இந்தக் கதையைக் கொடுத்தேன், தெரியுமா உனக்கு? கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து ஒரு மணி நேரம் படித்தார், படித்துவிட்டு, "பள்ளிக்கூட மணியக் கட்டையில அடிக்கறாப்ல எழுதியிருக்கே, இரும்புக் கம்பியிலதானே அடிப்பாங்க" என்றார். அவ்வளவுதான். அந்த மனுஷன் அவ்வளவு பேசியதே பெரிது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது, அது கிடக்கட்டும். எனக்கு இப்போது ஒரே ஒரு வாய்க்குத்தான் பயம், அது அந்த ஒரு சாண் கதவுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது.

பென்சில் வைத்துக் கொடுத்திருக்கக் கூடாதோ. காகிதத்துக்கு மேலே ஒரு புதுப் பென்சிலை, சீவாத பென்சிலை, வைத்துக் கொடுத்தேன், நீ அதைப் பார்த்தாய், எடுத்து மேஜையில் வைத்தாய். அஞ்சு வயசிலிருந்து என் கதைக்கெல்லாம் முதல் வாசிப்பு உன்னுடையதுதான். எழுத்துக் கூட்டிப் படிக்கிற காலத்திலேயே பென்சிலோடு உட்காருவாய், கதை எங்கே நகரவில்லையோ அங்கே ஓரத்தில் ஒரு ஆமை போடுவாய், ஒரு வட்டம், நாலு கால், ஒரு தலை. கடைசிப் பக்கத்தில் பாஸ் அல்லது ஃபெயில். யானைக்குட்டி சந்தைக்குப் போன கதையில் பதின்மூன்று ஆமை, ஃபெயில், அதை நான் அடுப்பில் போட்டேன், இன்றைக்கும் சொல்கிறேன், அது சரியான தீர்ப்பு. எனக்கு வாய்த்த மாதிரி ஒரு எடிட்டர் எந்த எழுத்தாளருக்கும் வாய்த்திருக்க மாட்டார், சம்பளம் ஒரு பாக்கெட் கடலை மிட்டாய். நாலாவது வகுப்போடு அது நின்றது. நிறுத்தியது நீ இல்லை, நான்தான், அந்த முயல் கதையால். நினைக்கும்போதே கை தானாக மாவை வழித்துத் தள்ளுகிறது, தள்ளவேண்டிய அவசியமே இல்லாதபோதும். ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு ஸ்கூட்டியில் வரும்போது என் முதுகோடு ஒட்டிக்கொண்டு சொன்னாய், அம்மா, பிரேயர்ல பொண்ணுங்க ஒரு வரிசை, பசங்க ஒரு வரிசை நிக்கணும், எனக்கு ரெண்டுலயும் நிக்கப் பிடிக்கல, அதனால தெனமும் மணி அடிக்கற வேலைய நானே கேட்டு வாங்கிக்கறேன், மணி அடிக்கறவங்க தனியா நிக்கலாம். மணி என்று ஒரு தண்டவாளத் துண்டைத் தொங்கவிட்டிருப்பார்கள், அதற்குப் பக்கத்தில், வேப்பமரத்தடியில், எந்த வரிசையும் இல்லாத இடம். யாருட்டயும் சொல்லக் கூடாது என்றும் சொன்னாய். நான் சிரித்தேன். என்ன சாமர்த்தியம் என் பிள்ளைக்கு என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன், சத்தியமாக அதற்கு மேல் எனக்கு ஒன்றும் புரியவில்லை. அன்றைக்கே வீட்டுக்கு வந்து, வரிசையில் நிற்கச் சோம்பல்பட்டு மணி அடிக்கிற வேலையை வாங்கிக்கொள்ளும் முயலைப் பற்றி ஒரு கதை எழுதினேன், வேகமாக வந்தது, வேகமாக வருவதெல்லாம் நல்லது என்று நம்பிக்கொண்டிருந்த வயசு. உன்னிடம் காட்டவில்லை. ஆச்சரியமாக இருக்கட்டும் என்று காட்டவில்லை. ஒரு சிறுவர் மாத இதழில் வந்தது, உன் வகுப்பு டீச்சர் அதை வாங்குகிறவர், நம்ம வகுப்புப் பிள்ளையின் அம்மா எழுதியது என்று பெருமையாக எல்லாருக்கும் வாசித்துக் காட்டினார். நாற்பது தலையும் உன் பக்கம் திரும்பியது. மறுநாளிலிருந்து மணி அடிக்கிற வேலை வேறு பிள்ளைக்குப் போய்விட்டது, சோம்பல் கூடாது பாரு என்று டீச்சர் கன்னத்தைத் தட்டிச் சொன்னாராம், நீ பெண் பிள்ளைகள் வரிசையில் போய் நின்றாய். எட்டு வருஷம் நின்றாய். வேப்பமரத்தடியில் உனக்கென்று இருந்த இரண்டடி இடத்தை நான்தான் எடுத்து ஊருக்குக் கொடுத்தேன். அதற்கு எனக்கு ஒரு பரிசுகூடக் கொடுத்தார்கள், அந்தக் கேடயம் இன்னும் அலமாரியில் இருக்கிறது, தூக்கிப் போடவும் மனசு வரவில்லை, துடைக்கவும் மனசு வரவில்லை.

இப்போது செய்திருப்பது மட்டும் என்ன? அதே மணி, அதே தண்டவாளத் துண்டு, அதே பிள்ளை. முயலுக்குப் பதில் மிட்டு. இதை உனக்கு நான் கேட்கிற மன்னிப்பு என்று நினைத்துத்தான் எழுதினேன், ஆனால் திருடின வீட்டுக்கே திரும்பப் போய்த் திருடிவிட்டு, போன தடவை திருடினதற்கு மன்னிச்சுக்குங்க என்றால் யார் ஒப்புவார்கள். மாவில் ஒரு சொட்டு எடுத்துத் தண்ணீரில் போட்டுப் பார்க்கிறேன். மிதக்கிறது. மிதந்தால் உளுந்து ஆகிவிட்டது என்று அர்த்தம், நிறுத்தலாம். நிறுத்தவில்லை. இன்னும் ஐந்து நிமிஷம் ஓடட்டும். நீ எந்தப் பக்கத்தில் இருப்பாய் இப்போது, பன்னிரண்டா, பதினான்கா. பதினேழுக்கு வந்திருக்க மாட்டாய். பதினேழுதான் என் பக்கம். அதில்தான் மிட்டு தான் யார் என்று அம்மாவிடம் சொல்லும், அம்மா மிட்டுவைக் கட்டிக்கொண்டு பதில் சொல்வாள், ஒரு முழுப் பக்கத்துக்கு. வானத்துக்கு ஆண் பெண் உண்டா கண்ணே, மழைக்கு உண்டா, நதிக்கு உண்டா என்று போகும். நதிக்கு உண்டா என்று எழுதிவிட்டு நானே நாக்கைக் கடித்துக்கொண்டேன், காவேரியை அம்மா என்று கும்பிடுகிற ஊரில் உட்கார்ந்துகொண்டு. ஆனால் அடிக்கவில்லை. அழகாக இருந்தது. எழுதும்போது அழுதேன்கூட. அன்றைக்கு நான் சொல்லியிருக்கவேண்டியதெல்லாம் அதில் இருக்கிறது.

அன்றைக்கு நான் என்ன சொன்னேன்? ஒரு வருஷமாக இந்த இடத்துக்கு வந்ததும் மனசு கல்லில் பட்ட சக்கரமாக நின்றுவிடுகிறது. போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், இதே சமையலறை, நீ இந்த மேடைமேல் ஏறி உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டு தோசை சாப்பிடுகிறாய், மூன்றாவது தோசை ஆகிவிட்டது, உன் பை வாசல்பக்கம் இருக்கிறது, மறுநாள் காலைப் பயணத்துக்கு இப்போதே எடுத்துவைத்துவிட்டது பார் என் பிள்ளை என்று எனக்கு ஒரு சந்தோஷம். "அம்மா, நான் பொண்ணு இல்ல. பையனும் இல்ல. ரெண்டு வரிசையிலயும் என்னால நிக்க முடியல. இனிமே என்னைக் கதிர்னு கூப்பிடு" என்றாய். வரிசை என்று சொன்னாய், உடனே அந்தத் தண்டவாளத் துண்டு என் தலைக்குள் ஒரு தடவை அடித்தது, ணங் என்று, பதினோரு வருஷம் பிந்தி எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. புரிந்தவள் என்ன செய்திருக்க வேண்டும், அடுப்பை அணைத்துவிட்டு உன்னைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டும். நான் கரண்டியைப் பிடித்தபடி நின்றேன். கல் காய்ந்து புகைய ஆரம்பித்தது. அப்புறம், இத்தனை கதை எழுதின இந்த வாயிலிருந்து வந்தது இதுதான்: "இன்னொண்ணு ஊத்தட்டா சாமி?" நீ தலையாட்டினாய். ஊற்றினேன். சாப்பிட்டாய். காலையில் போய்விட்டாய். பிறகு பதினோரு நாள் நான் உனக்குப் போன் பண்ணவில்லை, என்ன பேசுவதென்று தெரியாமல் பண்ணவில்லை, கோபம் இல்லை, பயம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், கொஞ்சம் கோபமும் இருந்தது, மறைப்பானேன், நான் வைத்த பெயர் போய்விட்டதே என்று இருந்தது. பன்னிரண்டாம் நாள் போன் பண்ணி, அங்கே குளிருதா என்று கேட்டேன். அன்றையிலிருந்து இன்றுவரை நாம் பேசுவது குளிரும் வெயிலும் சாப்பாடும்தான். பெயரை மட்டும் ஒழுங்காகச் சொல்லக் கற்றுக்கொண்டேன், பழைய பெயரை இப்போதெல்லாம் மனசுக்குள்ளேகூடச் சொல்வதில்லை, ஒரு தடவை கனவில் சொல்லிவிட்டு எழுந்து உட்கார்ந்தேன்.

மாவு சூடாகிவிட்டது. மூடியைத் தொட்டாலே தெரிகிறது. இதற்கு மேல் ஓட்டினால் உளுந்து கெட்டுவிடும், கல்யாணமான நாளிலிருந்து மாவு அரைக்கிறவள் செய்கிற காரியம் இல்லை இது. நிறுத்தினால் சத்தம் போய்விடும். சத்தம் போனால் அந்த அறை கேட்கும். அழுகிறாயோ, பையில் துணியை எடுத்து வைக்கிறாயோ, ஒன்றுமே இல்லாமல் சும்மா உட்கார்ந்திருக்கிறாயோ, அதுதான் இருப்பதிலேயே மோசம். வேண்டாம் என்று நீ சொன்னால் கதையைக் கிழித்துவிடுவேன், அது பெரிசில்லை, யானைக்குட்டியே போயிற்று. ஆனால் இவள் மாறவே மாட்டாள் என்று நீ முடிவு கட்டிவிட்டால், அப்புறம் என்னிடம் சொல்ல உனக்கு எதுவுமே இருக்காது, குளிருது என்பதைத் தவிர. ஆயுசு முழுக்கக் குளிரையும் வெயிலையும் பேசிக்கொண்டு. சுவிட்சில் கை வைக்கிறேன், எடுக்கிறேன். போடி சாந்தாமணி என்று என்னையே திட்டிக்கொள்கிறேன், ஐம்பத்திரண்டு வயசாச்சு உனக்கு, எத்தனை கதையில் எத்தனை எலிக்குஞ்சைப் பூனைக்கு முன்னால் தைரியமாக நிற்கவைத்திருக்கிறாய். நிறுத்திவிட்டேன். கல் சுற்றி அடங்குகிறது. எதிர்வீட்டு டிவி கேட்கிறது, தெருவில் ஒரு பைக். உன் அறையிலிருந்து ஒன்றும் இல்லை. ஒன்றுமே இல்லை. அப்புறம் ஒரு சின்னச் சத்தம், சரக், சரக், நிற்கிறது, மறுபடியும் சரக். என்ன அது? பை ஜிப்பா, இல்லை, ஜிப் இப்படிக் கேட்காது. மேஜை இழுப்பறையில் பழைய ஷார்ப்னர் ஒன்று கிடக்கும், மீன் மாதிரி செய்த பச்சை ஷார்ப்னர், பிளேடு மழுங்கினது, இரண்டு சுற்றுக்கு ஒரு தடவை சிக்கிக்கொள்ளும். சரக், சரக், சிக்கல், சரக். நீ பென்சில் சீவுகிறாய். ஐயோ என் சாமி, நீ பென்சில் சீவுகிறாய். எனக்குச் சிரிப்பு வருகிறது, இந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு என்ன சிரிப்பு என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்கிறேன். எத்தனை ஆமை வேண்டுமானாலும் போடு. இருபத்துநான்கு பக்கத்துக்கும் போடு.

எவ்வளவு நேரம் நின்றேனோ, நீ சமையலறை நிலைப்படியில் நிற்கிறாய், காதில் பென்சில். நேராகக் கிரைண்டருக்குப் போய் மாவில் விரலை விட்டுப் பார்க்கிறாய். "ஏம்மா, இப்படிச் சூடாயிருக்கு. எவ்ளோ நேரம் ஓட்டினே?" என்கிறாய். "கவனிக்கல சாமி" என்கிறேன். காகிதத்தைக் கொடுக்கிறாய். ஈரக்கையைப் புடவையில் துடைத்துவிட்டு வாங்குகிறேன். முதல் நாலைந்து பக்கம் சுத்தம். ஆறாம் பக்கத்தில் ஒரு ஆமை, சின்னது, ஏற்றுக்கொள்கிறேன், அங்கே எனக்கே சந்தேகம் இருந்தது. ஒன்பதாம் பக்கத்தில் மணியடிக்கிற கட்டை என்ற சொல்லை அடித்து, நான் திருத்தியிருந்த கம்பி என்பதையும் அடித்து, பெரிய போல்ட் என்று எழுதியிருக்கிறாய். "அப்பா கம்பின்னாரே" என்கிறேன். "அப்பாவா அடிச்சாரு? நான்தானே அடிச்சேன்" என்கிறாய். பதினேழு. பதினேழாம் பக்கம் முழுக்க ஒரே ஒரு ஆமை. இவ்வளவு பெரிய ஆமையை நீ போட்டதே இல்லை, ஓட்டில் கட்டம் கட்டமாக, வானமும் மழையும் நதியும் அதன் ஓட்டுக்கு அடியில் போய்விட்டன, கண்ணே என்கிற சொல் மட்டும் வாலுக்குப் பக்கத்தில் மிச்சம் இருக்கிறது. அதற்குக் கீழே உன் கையெழுத்தில் இப்படி: மிட்டுவின் அம்மா கரண்டியோடு நின்றாள். தோசைக்கல் புகைந்தது. பிறகு அம்மா கேட்டாள், இன்னொண்ணு ஊத்தட்டா சாமி?

இதை எப்படிப் படிப்பது என்று எனக்குத் தெரியவில்லை, காகிதத்தைத் தள்ளிப் பிடிக்கிறேன், கிட்டே பிடிக்கிறேன். "இது வேண்டாம் கதிரு. அன்னைக்கு எனக்கு ஒண்ணுமே சொல்லத் தெரியல. ஒரு வருஷமா அதை நெனச்சு நெனச்சு வெக்கமாயிருக்கு" என்கிறேன். நீ மேடைமேல் ஏறி உட்காருகிறாய், அதே இடம். "அன்னைக்கு என் பேக் எங்க இருந்துச்சு, ஞாபகம் இருக்கா?" "வாசல்ல. காலைல போறதுக்குன்னு." "காலைலக்கு இல்லம்மா. வெளிய போன்னு சொல்லிட்டீன்னா அப்படியே எடுத்துட்டுக் கெளம்பிடலாம்னு வச்சிருந்தேன். ஃப்ரெண்டு தெருமுனையில வண்டியோட நின்னுட்டு இருந்தாங்க. நீ இன்னொண்ணு ஊத்தட்டான்னு கேட்டே. சரி, ராத்திரிக்கு இங்கதான்னு நெனச்சேன். ஃப்ரெண்டுக்கு நீ போன்னு மெசேஜ் போட்டேன். அந்தத் தோசையத்தான் நான் எல்லாருட்டயும் சொல்லிட்டிருக்கேன். நீ என்னடான்னா ஆறு, மழைன்னு அளந்துட்டிருக்கே." ஒரு வருஷமாக நெஞ்சில் வைத்திருந்த அம்மிக்கல்லை யாரோ தூக்கிக் கொல்லைப்புறம் வைத்துவிட்டார்கள். "இன்னும் இருக்கு, கீழ பாரு" என்கிறாய். பார்க்கிறேன். அப்புறம் பதினோரு நாள் அம்மா போன் பண்ணவில்லை என்று எழுதியிருக்கிறாய். நாளைக்கூட எண்ணி வைத்திருக்கிறாய், நான் மட்டும்தான் எண்ணினேன் என்று நினைத்தேன். "இதையும் போடணும்" என்கிறாய். "எட்டு வயசுக் கொழந்தைங்க படிக்கறது சாமி." "அம்மா பேசாம இருந்தா எப்படி இருக்கும்னு எட்டு வயசுக் கொழந்தைங்களுக்குத் தெரியும்மா." சுருக்கென்று குத்துகிறது, குத்தட்டும். "போடறேன்" என்கிறேன்.

கடைசிக்கு முந்தின பக்கத்தில், பள்ளிக்கூடத்தில் இரண்டு வரிசையையும் கலைத்துவிட்டு எல்லாப் பிள்ளைகளும் வேப்பமரத்தைச் சுற்றி ஒரே வட்டமாக நிற்பதாக எழுதியிருந்தேன். அதன் ஓரத்தில், இது நடக்கல, ஆனா இருக்கட்டும் என்று இருக்கிறது. கடைசிப் பக்கத்தில் பாஸ். கோழிக் கிறுக்கலாக எழுதுகிற அதே பாஸ், இருபத்தொரு வயசாகியும் மாறாத பாஸ். "முயல் கதை" என்று ஆரம்பிக்கிறேன், "அன்னைக்கு உன்னைக் கேக்காம எழுதிட்டேன். தப்பு. பெரிய தப்பு." நீ பென்சிலைக் காதிலிருந்து எடுத்து என் கையில் கொடுக்கிறாய். "இந்தத் தடவ கேட்டே இல்ல" என்கிறாய். அப்புறம் மாவைப் பார்க்கிறாய். "இது எப்ப தோசைக்கு ஆகும்?" "காலைலதான் புளிக்கும். சூடான மாவு, எப்படி வருமோ." "எப்படியோ வரட்டும்" என்று போனை எடுத்து பஸ் டிக்கெட்டை நாளை ராத்திரிக்கு மாற்றிவிட்டு, சம்பளக் கடலை மிட்டாய் எங்கே என்று டப்பா டப்பாவாகத் திறக்கிறாய். நான் உளுந்து மாவை வழித்து எடுத்துவிட்டு அரிசியைப் போட்டுச் சுவிட்சைத் தட்டுகிறேன். கிரைண்டர் மறுபடி இரைகிறது, நீ கூடத்திலிருந்து என்னவோ கத்துகிறாய், நான் "என்னது, என்னது" என்று கத்துகிறேன், நீ வாயில் கடலை மிட்டாயோடு நிலைக்கு வந்து நின்று கத்துகிறாய். "பதினேழுல அந்தச் சாமிங்கற சொல்ல மட்டும் எடுத்துராதேன்னேன்!"